சிவப்பு லைட் எரிந்தால் யார் வருவார்?

அம்மாவுக்கு 74 வயது. மன்னார்குடியில் தனியாக இருக்கிறார். நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் கணக்கு பார்க்கிறேன், அண்ணன் சிங்கப்பூரில். அம்மாவின் கம்ப்யூட்டருக்கு ஒழுங்கான நெட் கனெக்‌ஷன் போட்டுக் கொடுத்த கதை எப்படியோ அலுவலகத்தில் பரவிவிட்டது. ஊரில் அப்பா அம்மாவை விட்டுவிட்டு வந்திருக்கும் ஆட்கள் எங்கள் பிரிவில் நிறைய. ஒவ்வொருவராக வந்து, "எந்தக் கம்பெனி மேடம்? எத்தனை எம்பிபிஎஸ்?" என்கிறார்கள். கம்பெனிப் பெயர், நெட் வேகம் என்ற இந்த இரண்டு கேள்வியையும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஏன் என்பதை டீ இடைவேளைக்குள் சொல்லி முடிக்க முடிவதில்லை. அதனால் இந்தப் பதிவு.

முதலில் அம்மாவைப் பற்றி. அவர் கம்ப்யூட்டருக்குத்தான் புதியவர், வயருக்குப் புதியவர் இல்லை. 1972-ல் தபால் தந்தித் துறையில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தவர். காதில் ஹெட்செட், எதிரே போர்டு, விளக்கு எரிந்தால் வயரை எடுத்துச் செருக வேண்டும். 180-க்குக் கூப்பிட்டு டிரங்க் கால் என்ற வெளியூர் அழைப்பைப் பதிகிறவர்களிடம் ஆர்டினரியா, அர்ஜென்டா, லைட்னிங்கா என்று கேட்டுச் சீட்டு எழுத வேண்டும். வெளியூருக்கும் நேரே டயல் செய்யும் எஸ்டிடி வந்து டிரங்க் போர்டுக்கு வேலை குறைந்த பிறகு 197 விசாரணையிலும் 198 பழுதுப் பதிவிலும் உட்கார்ந்தார். 2000 அக்டோபரில் பிஎஸ்என்எல் வந்தபோது அதில் சேர்ந்து, 2011-ல் ஓய்வு பெற்றார். பழுதுப் பதிவில் இருந்த பழக்கம் இன்னும் போகவில்லை. வீட்டில் குழாய் ஒழுகினாலும் பிளம்பரிடம் சொன்ன நேரத்தைக் காலண்டரில் குறித்து வைப்பார்.

மொபைல் இருக்கும்போது இந்த வயதில் கம்ப்யூட்டர் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. கண்புரை அறுவை ஆன பிறகும் மொபைல் எழுத்து அவருக்கு ஒத்துவரவில்லை. 24 அங்குலத் திரையில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்தால் கண்ணாடிகூட இல்லாமல் படிக்கிறார். காலையில் செய்தித்தாள்கள், மதியம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய பத்திரிகைகள், சாயந்திரம் ஏதாவது கோயில் நேரலை. ஞாயிற்றுக்கிழமை பேரனோடு வீடியோ கால். பேரன் முகம் சுவரில் மாட்டிய படம் அளவுக்கு வந்தால்தான் பேசியது போலிருக்கும் என்பார். இவ்வளவுதான் தேவை. இதை முதலில் எழுதி வைத்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று, கடைக்காரர்கள் பேசும் பேச்சில் தேவை தானாகப் பெருகிவிடும்.

இதற்கு முன்னால் அம்மாவின் மொபைலிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம். நிறைய வீடுகளில் இப்போதும் அப்படித்தான். பார்க்க மலிவாகத் தெரியும். ஆனால் வயதானவருக்கு அதைவிடச் சிக்கலான ஏற்பாடு கிடையாது. மொபைலைத் திறந்து, அமைப்புக்குள் போய், ஹாட்ஸ்பாட்டைத் தட்டி, கம்ப்யூட்டரில் வைஃபையைப் பிடிக்க வேண்டும். நடுவில் யாராவது போன் செய்தால் சிலசமயம் எல்லாம் நின்றுபோகும். அதோடு ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி என்று கணக்கு. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டவுடன் விண்டோஸ் தன் பாட்டுக்கு அப்டேட்டை இறக்கிக்கொண்டு அதைத் தின்றுவிடும். அம்மா செய்தித்தாளைத் திறக்கும்போது ஒன்றும் மிச்சமிருக்காது. (ஹாட்ஸ்பாட்டையே தொடரப் போகிறவர்கள் விண்டோஸின் வைஃபை அமைப்பில் 'மெட்டர்டு கனெக்‌ஷன்' என்பதைப் போட்டு வையுங்கள். பெரிய அப்டேட்டுகள் தானாக இறங்காமல் காத்திருக்கும்.) இதில் 28 நாளுக்கு ஒரு முறை ரீசார்ஜ் வேறு. 28 நாள் மாதம் என்றால் வருடத்துக்கு 13 மாதம் ஆகிறது என்பதைக் கணக்கு பார்ப்பவளாக இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

சரி, வீட்டுக்கே கேபிள் போட்டுவிடலாம் என்று முடிவானதும் அண்ணன் களத்தில் இறங்கினான். அவன் இருக்கும் ஊரில் 1 ஜிபிபிஎஸ், அதாவது 1000 எம்பிபிஎஸ், என்பது சாதாரண வீட்டுக் கனெக்‌ஷன். தினமும் ஒரு லிங்க் வரும். "300 எம்பிபிஎஸ் போடு, காசை நான் தர்றேன்." காசு பிரச்சினை இல்லை, அது எதற்கு என்பதுதான் பிரச்சினை. யூடியூபில் முழு எச்டி படம் ஓட 5 எம்பிபிஎஸ் போதும். வீடியோ காலுக்கு அதைவிடக் குறைவு. நான் விசாரித்தபோது ஃபைபரில், அதாவது கண்ணாடி இழைக் கேபிளில், நெட் தரும் நிறுவனங்களின் அடிமட்டத் திட்டங்களே 30, 40 எம்பிபிஎஸ்ஸில்தான் தொடங்கின. மாத அளவு 3300 ஜிபி. நாளொன்றுக்கு 110 ஜிபி என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா ராப்பகல் தூங்காமல் எச்டி படம் பார்த்தாலும் அதில் பாதிதான் தீரும். ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டில் அடிமட்டத் திட்டத்துக்கு மேலே போடுகிற ஒவ்வொரு ரூபாயும் கம்பெனிக்குக் கொடுக்கும் மொய்.

விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். நான் பார்த்தபோது 399, 449, 499 என்று போட்டிருந்தார்கள். அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 399 கையில் கொடுக்கும்போது 471, 499 என்பது 589. இதில் 50 ரூபாய் முன்னே பின்னே இருப்பதை வைத்து முடிவெடுக்க ஒன்றுமில்லை.

அப்படியானால் எதை வைத்து முடிவெடுப்பது? இங்கேதான் அம்மா உள்ளே வந்தார்.

நான் ஓசூரில் உட்கார்ந்து இணையதளங்களில் நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு வீடு, ரேஷன் கடை வரிசையில் இரண்டு பேர், பால் வாங்கும் இடத்தில் ஒருவர் என்று விசாரணை. நோட்டில் நாலு பத்தி போட்டிருந்தார்: வீடு, எந்தக் கனெக்‌ஷன், கடைசியாக எப்போது பழுது, யார் எப்போது வந்து சரி செய்தார்கள். வேகத்தைப் பற்றி ஒரு பத்திகூட இல்லை. கேட்டதற்கு, "வேலை செஞ்சா எல்லாம் வேகந்தான். நின்னா எவன் வர்றான்னுதானே பாக்கணும்" என்றார். எந்த இணையதளத்திலும் கிடைக்காத தகவல் அந்த நோட்டில் இருந்தது. நகரத்தில் பெயரெடுத்த கனெக்‌ஷன் ஒன்று எங்கள் தெருவில் பழுதானால், அதைப் பார்க்க ஆள் வேறு ஊரிலிருந்து வர வேண்டும். ஆப்பில் புகார் கொடுத்தால் பதில் உடனே வருகிறது, ஆள்தான் வருவதில்லை என்று ஒரு வாத்தியார் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். இன்னொரு கனெக்‌ஷனை யாரும் புகழவில்லை. ஆனால் அதைப் போட்டுக் கொடுக்கும் கடை அடுத்த தெருவில் இருக்கிறது, கடைக்காரர் வீடும் அங்கேயே. போன மழையில் அறுந்தபோது மறுநாளே ஏணியோடு ஆள் வந்திருக்கிறது.

ஊரில் கிடைப்பது மொத்தம் நாலு வகை. பெரிய தனியார் நிறுவனங்களின் ஃபைபர் ஒன்று. மாடியில் பெட்டி வைத்து 5ஜி டவரிலிருந்து சிக்னல் எடுக்கும் ஏர்ஃபைபர் வகை ஒன்று. உள்ளூர் கேபிள் டிவிக்காரர் தருவது ஒன்று. பிஎஸ்என்எல் ஃபைபர் ஒன்று.

ஏர்ஃபைபர் வகை வாடகை வீட்டுக்கும், கேபிள் வராத தெருவுக்கும் நல்ல ஏற்பாடு. ஃபைபர் வாசலுக்கு வரும் இடத்தில் அது தேவையில்லை என்பது என் எண்ணம்.

கேபிள்காரரின் கனெக்‌ஷனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆள் பக்கத்திலேயே இருக்கிறார் என்ற கணக்கில் அவர்தான் முதலில் வருவார். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "தம்பி, உங்க ஆபீசுக்கும் எங்க வீட்டுக்கும் நடுவுல கரன்ட்ல ஓடுற பெட்டி ஏதாவது இருக்கா?" நேரடி ஃபைபரில் தெருக் கம்பத்தில் இருக்கும் பிரிப்பான் பெட்டிக்கு மின்சாரமே தேவையில்லை, வெளிச்சத்தைக் கண்ணாடி இழைகளில் பிரித்து அனுப்புவது மட்டும்தான் அதன் வேலை. சில கேபிள்காரர்கள் செலவைக் குறைக்க, தெருமுனையில் ஒரு சுவிட்ச் பெட்டியை வைத்து, பக்கத்து வீட்டிலிருந்து கரன்ட் எடுத்து ஓட்டுவார்கள். அந்த வீட்டில் ஃபியூஸ் போனால் தெருவுக்கே நெட் போகும். உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்து பயனில்லை. இந்தக் கேள்வியை நானாகக் கேட்டிருக்க மாட்டேன். எக்ஸ்சேஞ்சில் இருந்தவர் என்பதால் அம்மாவுக்குத் தோன்றியது. எங்கள் ஊர் கேபிள் தம்பி தலையைச் சொறிந்துகொண்டு, "ஒரே ஒரு பெட்டிதாம்மா" என்றாராம். நோட்டில் அவர் பெயருக்கு நேரே ஒரு கோடு விழுந்தது.

பிஎஸ்என்எல் ஃபைபரை நிறைய ஊர்களில் இப்போது உள்ளூர்க் கூட்டாளிகள்தான் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். கேபிள் இழுப்பது, மோடம் வைப்பது, பழுது பார்ப்பது எல்லாம் அவர்கள் ஆள். வருமானத்தில் அவர்களுக்குப் பங்கு. 2020 ஜனவரி 31 அன்று விருப்ப ஓய்வில் ஒரே நாளில் 78,000 பேருக்கு மேல் பிஎஸ்என்எல்லிலிருந்து வெளியேறினார்கள். அம்மாவின் கூடப் பழகிய லைன்மேன்கள், ஆபரேட்டர்கள் என்று பாதி ஊர் அதில் இருந்தது. ஆகவே "நம்ம ஆபீஸ் ஆள் வருவாங்க" என்கிற நம்பிக்கையில் இன்று யாரும் அதைப் போட வேண்டாம். கூட்டாளி யார், கடை எங்கே, ஆள் எப்படி என்று பார்த்துப் போடுங்கள். எங்கள் தெருவில் அந்தக் கூட்டாளிதான் அடுத்த தெருக் கடைக்காரர். இதே கடைக்காரர் வேறொரு நிறுவனத்தின் ஆளாக இருந்திருந்தால் அந்த நிறுவனத்தைத்தான் எடுத்திருப்போம். கம்பெனிப் பெயரைக் கேட்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லாததற்குக் காரணம் இதுதான். உங்கள் அப்பா அம்மாவின் தெருவில் அந்த ஆள் யார் என்பதை அந்தத் தெருதான் சொல்லும்.

இன்னொரு காரணமும் இருந்தது. பழைய லேண்ட்லைன் எண். வீட்டில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும், யார் போனாலும், சொந்தக்காரர்கள் கூப்பிடுவது அந்த எண்ணுக்குத்தான். மொபைல் எண்ணை நிறுவனம் விட்டு நிறுவனம் எடுத்துப் போகலாம், லேண்ட்லைனுக்கு அந்த வசதி இல்லை. பிஎஸ்என்எல் செம்புக் கம்பியிலிருந்து பிஎஸ்என்எல் ஃபைபருக்கு மாறினால் அதே எண் கூட வரும். அம்மாவுக்கு இது உணர்ச்சிகரமான விஷயம், எனக்கும் கொஞ்சம்.

ஆனால் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய செம்புக் கம்பி போனுக்குத் தேவையான மின்சாரம் எக்ஸ்சேஞ்சில் இருந்த 48 வோல்ட் பேட்டரியிலிருந்து கம்பி வழியாகவே வந்துவிடும். ஊரே இருண்டாலும் போன் மணி அடிக்கும். ஃபைபரில் அது கிடையாது. கண்ணாடி இழையில் கரன்ட் போகாது. வீட்டில் மின்சாரம் போனால் மோடம் அணையும், நெட்டோடு லேண்ட்லைனும் போகும். தனியாக இருக்கும் வயதானவருக்கு இது சின்ன விஷயமில்லை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணியிலிருந்து மாலை வரை கரன்ட் நிறுத்தும் நாளில் போனே இருக்காது. அம்மாவிடம் சொன்னபோது, "அப்ப அந்தப் பெட்டிக்கு ஒரு பேட்டரி வை" என்று ஒரே வரியில் முடித்தார்.

மோடத்துக்கென்றே சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது, கையடக்கமாக இருக்கும். மோடத்தின் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து அதே வோல்ட்டில் வாங்க வேண்டும். பெரும்பாலும் 12 வோல்ட். வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்தால் இதுகூட வேண்டாம். ஆனால் மோடத்தைச் செருகப்போகும் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பல வீடுகளில் ஃபேனும் லைட்டும் மட்டும்தான் அந்த லைனில் இருக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், எலக்ட்ரீசியனை வைத்து ஒரு பிளக்கை மாற்றினோம். கஜா மாதிரி புயல் வந்தால் இதெல்லாம் ஒன்றும் நிற்காது. 2018 நவம்பர் 16 அன்று அது அடித்துப் போன பிறகு எங்கள் பக்கம் கம்பங்களே இல்லை. அதற்கெல்லாம் ஏற்பாடு செய்ய முடியாது, சாதாரண நாளுக்குத்தான் செய்கிறோம்.

கேபிள் போடும் நாளில் நான் ஊருக்குப் போயிருந்தேன். முடிந்தால் நீங்களும் போங்கள். அன்று எடுக்கும் முடிவுகள்தான் பிறகு போன் தொல்லையாக வரும்.

எங்கள் வீடு தாத்தா காலத்தது, சுவர் ஒன்றரை அடி கனம். வந்த பையன் மோடத்தை வாசல் திண்ணைப் பக்கம் மாட்டிவிட்டுக் கிளம்பப் பார்த்தான், அவனுக்குக் கேபிள் மிச்சம். அங்கிருந்து கூடத்துக்கு வைஃபை தட்டுத்தடுமாறித்தான் வரும். ஃபைபரைக் கூடம் வரைக்கும் உள்ளே இழுக்கச் சொல்லி, மோடத்தைக் கம்ப்யூட்டர் மேசையிலேயே வைத்து, இரண்டுக்கும் நடுவே ஒரு முழ நீள லேன் வயரைச் செருகிவிட்டோம். இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இந்த வயரை எடுத்துக்கொள்ளுங்கள். வைஃபை பெயர் தேட வேண்டாம், பாஸ்வேர்ட் வேண்டாம், 2.4-ஆ 5-ஆ என்று இரண்டு பெயர் வந்து குழப்ப வேண்டாம். கம்ப்யூட்டரைப் போட்டால் நெட் இருக்கும். ஃபைபரைச் சுவர் மூலையில் மடக்கி ஆணி அடிக்க மட்டும் விடாதீர்கள். உள்ளே இருப்பது கண்ணாடி, வளைத்துத்தான் திருப்ப வேண்டும்.

ஓடிடி சேர்ந்த திட்டங்களையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இலவசம் என்பார்கள். கூடவே ஒரு பெட்டி வரும், பெட்டிக்கு ஒரு ரிமோட் வரும், டிவிக்கு ஏற்கெனவே இரண்டு ரிமோட். மூன்று ரிமோட் உள்ள வீட்டிலிருந்து எனக்கு வரும் போன்களை என்னால் இப்போதே கேட்க முடிகிறது. நிறுவனம் இலவசமாகத் தரும் மின்னஞ்சலும் அப்படித்தான். பென்ஷன், வங்கி எதையும் அதில் இணைக்காதீர்கள், நாளை கம்பெனி மாறினால் அதுவும் போய்விடும்.

அடுத்து, பதிவு செய்யும் மொபைல் எண். கனெக்‌ஷன் அம்மா பெயரில், ஆதாரும் அவருடையது. தொடர்பு எண்ணாக என் எண்ணைக் கொடுத்தேன். பில், காலாவதி, புதிய சலுகை, ஓடிபி எல்லாம் எனக்கு வரும். இதில் ஒரு இடைஞ்சல் உண்டு: பழுது பார்க்க வருகிறவர் ஓடிபி கேட்டால் அம்மா எனக்குப் போன் செய்ய வேண்டும், நான் மீட்டிங்கில் இருந்தால் அந்தப் பையன் திண்ணையில் உட்கார்ந்திருப்பான். இருந்தாலும் இந்த ஏற்பாட்டை மாற்ற மாட்டேன். ஏனென்றால் அம்மாவுக்கு நாங்கள் ஒரே ஒரு விதி சொல்லிக் கொடுத்தால் போதும் என்றாகிவிட்டது: நெட் கனெக்‌ஷனைப் பற்றி உன் மொபைலுக்கு எது வந்தாலும் பொய். 'உங்கள் இணைப்பு இன்றிரவு துண்டிக்கப்படும், இந்த லிங்கை அழுத்தவும்' என்று வரும் குறுஞ்செய்தி, 'டிராயிலிருந்து பேசுகிறோம், 9-ஐ அழுத்தவும்' என்று வரும் அழைப்பு, எல்லாமே பொய். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அப்படி யாருக்கும் போன் செய்து மிரட்டுவதில்லை என்று அவர்களே அறிவித்திருக்கிறார்கள். எது உண்மை எது போலி என்று எழுத்துப்பிழை பார்த்துக் கண்டுபிடிக்கும் வேலையை 74 வயதில் யாருக்கும் கொடுக்கக் கூடாது. பணம் போய்விட்டால் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு உடனே கூப்பிட வேண்டும் என்று மோடத்தின் மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

தொலைவிலிருந்து கம்ப்யூட்டரைப் பார்க்கும் செயலி ஒன்றையும் போட்டிருக்கிறேன். அதைத் திறக்கும் முன் நான் லேண்ட்லைனுக்குக் கூப்பிட்டிருக்க வேண்டும். நான் கூப்பிடாமல் யார் திறக்கச் சொன்னாலும், கம்பெனி ஆள் என்று சொன்னாலும், போனை வைத்துவிட வேண்டும். லேண்ட்லைனை விடாமல் வைத்திருப்பதற்கு இது இன்னொரு பயன்.

மோடத்தில் ஆறேழு விளக்குகள் இருக்கின்றன. கால் சென்டரில் கேட்டால் ஒவ்வொன்றாக நிறம் கேட்பார்கள். அம்மாவுக்கு மூன்று நிலைதான் சொல்லிக் கொடுத்தேன். ஒரு விளக்கும் எரியவில்லை என்றால் கரன்ட் பிரச்சினை. சிவப்பு எரிந்தால் வெளியே எங்கோ ஃபைபர் அறுந்திருக்கிறது, கடைக்குப் போன் செய். எல்லாம் பச்சையாக இருந்தும் ஒன்றும் திறக்கவில்லை என்றால் எனக்குப் போன் செய். விளக்கைப் பார்த்து வேலை செய்தே சம்பளம் வாங்கியவருக்கு இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? லாஸ் (LOS, 'லாஸ் ஆஃப் சிக்னல்') என்று சிவப்பு விளக்கின் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, "சிக்னல் வரலைன்னு அதுவே சொல்லுதே, அப்புறம் எதுக்குடி அவன் எங்கிட்ட கேக்குறான்" என்றார்.

பணத்தை முதலில் மூன்று மாதத்துக்கு மட்டும் கட்டினோம். ஒரு வருடம் கட்டினால் அது இலவசம், இது இலவசம் என்று எல்லோருமே சொல்வார்கள். எங்கள் பக்கம் ஒரு கனெக்‌ஷனின் லட்சணம் ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் தெரியும். அதனால் புரட்டாசியில் போட்டு, மழை முடிகிற வரைக்கும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று இருந்தோம். மழைக்கு ஒன்றும் ஆகவில்லை. தை அறுவடை முடிந்து வைக்கோலை மலையாக ஏற்றிக்கொண்டு வந்த ஒரு டிராக்டர் தெருவின் குறுக்கே போன கேபிளை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

சிவப்பு விளக்கு. அம்மா கடைக்குப் போன் செய்து, புகார் எண் வாங்கி, நேரத்தோடு நோட்டில் எழுதிக்கொண்டார். எண் இல்லாமல் போனை வைக்க விட மாட்டார். அதில் நியாயமும் இருக்கிறது, டிராயின் 2012-ஆம் ஆண்டு விதிப்படி கால் சென்டர் சரி செய்யாத புகாரை நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கொண்டுபோகலாம், அதற்கு இந்த எண் கையில் இருக்க வேண்டும். அவ்வளவு தூரம் போகவில்லை. மறுநாள் காலையில் அறுந்த ஃபைபரை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினோடு கடைப் பையன் வந்துவிட்டான். ஒட்டி முடித்து, பழைய உயரத்திலேயே கட்டப் போனவனை அம்மா விடவில்லை. வண்டி போகிற ரோடு, அடுத்த அறுவடைக்கு மறுபடி இதே கதைதான், ஏற்றிக் கட்டு என்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாராம். ஏற்றிக் கட்டிவிட்டுக் காபி குடித்துப் போயிருக்கிறான்.

அதன் பிறகு ஒரு வருடப் பணத்தைச் சேர்த்துக் கட்டினோம். 449 திட்டம், 12 மாதத்துக்கு ஜிஎஸ்டி சேர்த்து 6,358 ரூபாய். நான் ஆன்லைனில் கட்டிவிடுகிறேன் என்றால் அம்மா கேட்கவில்லை. கடைக்கே போய்க் கையில் கொடுத்து ரசீது வாங்கி, அதை நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறார். கடைக்காரர் முகம் தெரிந்திருக்க வேண்டும், அவருக்கும் நம் முகம் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. இப்போது எதிர் வீட்டில் நெட் நின்றாலும் அம்மாதான் கடைக்குப் போன் செய்து எண் வாங்கிக் கொடுக்கிறார்.

அண்ணன் மட்டும் இன்னும் சமாதானம் ஆகவில்லை. போன வாரம் 1 ஜிபிபிஎஸ் திட்டம் ஒன்றின் லிங்கை நேரே அம்மாவின் மொபைலுக்கே அனுப்பியிருக்கிறான். நெட் கனெக்‌ஷனைப் பற்றி மொபைலுக்கு எது வந்தாலும் பொய் என்று அம்மா அதைத் திறக்காமலே அழித்துவிட்டார்.